ஆட்சேபம் இல்லை

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். மினியத் ஷுபைல் ஊரின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் பூசாரி ஒரு கணினி. இரும்பு பீரோ அளவுக்கு இருக்கும். இஸ்திரிக்கடை பஸ்யூனிக்குக் கடவுள் இரட்டைப் பெண்களாகக் கொடுத்தபோது, அதற்குள் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது.

மூத்தவள் நிஸ்ரீன் பதிவாகிவிட்டாள். அரசின் கழுகு முத்திரை குத்திய சான்றிதழும் கைக்கு வந்தது. ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பிந்திப் பிறந்த ஷஹீராவின் பெயரைத் தட்டியதும் கணினி கீச்சென்று கத்தியது. பிறப்புப் பிரிவின் தலைவி மதாம் ஃபவ்கியா மதியச் சமையலுக்கு மேசைமேல் மொலோகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

“டிஸ்க் நெறைஞ்சு போச்சு, உஸ்தா.” தொழில்காரர் பஸ்யூனியை ஊரே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடும்.

“நெறைஞ்சுதுன்னா?”

“உங்க மூத்தவதான் கடைசி. நல்ல நேரத்துல வந்து சேர்ந்தா. அல்லா அவளுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்.”

“அப்போ சின்னவ?”

“இடமில்லை.”

“அவ ரொம்பப் பொடிசு, மதாம். ஒரு பூனைக்குட்டி அளவுதான் இருக்கா. கொஞ்சம் நெருக்கிப் போட்டீங்கன்னா…”

“இது என்ன மினி பஸ்ஸா, நெருக்கி உக்கார வைக்க? இறப்பு டிஸ்க்ல வேணா பாதி காலியாத்தான் கெடக்கு. அங்க எழுதட்டுமா?”

“வாயைக் கழுவுங்க மதாம்” என்றார் பஸ்யூனி.

“சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு எட்டிப் பாருங்க.”

நாளைக்கு என்றால் அந்த ஊரில் நாளைக்கு என்று பொருள் அல்ல. அது பஸ்யூனிக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அவசரம் இருந்தது. மனைவி சனிய்யாவுக்குப் பால் சுரப்பு குறைவு. மருந்துக்கடைப் பால்மாவு டப்பாவின் விலையோ இஸ்திரிக்காரனுக்கு எட்டாத உயரம். அரசு சுகாதார நிலையத்தில் மலிவாகக் கிடைக்கும், அதுவும் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும். இரட்டை என்பதற்கு இரண்டு சான்றிதழ் காட்ட வேண்டும். சனிய்யா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். நர்ஸ் நிஸ்ரீனின் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“இது ஒத்தைப் பிள்ளை. ஒத்தைப் பிள்ளைக்குத் தாய்ப்பாலே போதும்னு உத்தரவு.”

“ரெண்டும் மடியில கெடக்கே, கண்ணு தெரியலையா?”

“தெரியுதும்மா. மடியில கெடக்கறதை நான் எப்படி ஃபைல் பண்றது?”

மறுநாள் பஸ்யூனி பதிவகத்தின் கணினி எஞ்சினியர் மக்ரமைத் தேடிப் போனார். மக்ரம் நல்ல மனிதர், ஆனால் சூடு கண்ட பூனை. பெஞ்சில் உட்காரவைத்து, தன் தேநீரையே பாதி ஊற்றிக் கொடுத்தார்.

“புது டிஸ்க் வாங்கியாச்சு, உஸ்தா. மெஷினுக்குள்ள பொருத்தியும் ஆச்சு. ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி, போட்டோகூட எடுத்தாங்க. ஆனா உள்ள ஒரு டிஸ்க் புதுசா இருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது.”

“சொன்னாத்தானே தெரியும்?”

“அதுக்குன்னு ஒரு சின்ன ஃபைல் இருக்கு. மெஷின் கண்ணு முழிச்சதும் அதைத்தான் படிக்கும். எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு, டிஸ்க்குக்கு ஒரு வரி. அதுல இன்னும் ஒரு வரி சேர்க்கணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“இந்த டீ ஆறாது. ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கணும். வரியைச் சேர்க்கணும். மெஷினை அணைக்காமலே புது டிஸ்க் மாட்டுதான்னு பார்த்துக்கணும். மாட்டலைன்னா பழைய காப்பியைப் போட்டுடலாம். அவ்வளவுதான்.”

“அப்போ செஞ்சுடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மக்ரம் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில ஒருத்தர் இருந்தார். காப்பி எடுக்காம அந்த ஃபைல்ல ஒரு எழுத்தை மாத்திட்டார். மறுநாள் மெஷின் எந்திரிக்கலை. அவரைப் பாலைவனத்துச் சோலை ஒண்ணுக்கு மாத்திட்டாங்க. வருஷா வருஷம் எனக்கு பேரீச்சம்பழம் அனுப்பறார். அதைத் தின்னும்போதெல்லாம் தொண்டையில சிக்குது.”

அந்த எழுத்துப் பிழைக்குப் பிறகுதான் ‘பாதுகாப்பான திருத்தத்துக்கான விதிகள்’ பிறந்தன. விதிகளைக் காக்க ஒரு குழுவும் பிறந்தது. அதற்குத் தலைவர் பதிவகத்தின் தலைமை இயக்குநர் தல்அத் பெய். பெய் பட்டமெல்லாம் ராஜாவோடு கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த அலுவலகத்தில் மட்டும் அது இறங்க மறந்துவிட்டது.

விதிகளில் ஒன்று, திருத்தத்தால் பயன்பெறுபவர் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. இதுவரை எந்தத் திருத்தமும் நடக்காததால் அந்த இடம் காலியாகவே கிடந்தது. தன் சட்டைகளுக்கு இத்தனை காலம் பெட்டி போட்ட மனிதரே பயனாளி என்று தெரிந்ததும் பெய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பஸ்யூனி ஒரே நாளில் குழு உறுப்பினர் ஆனார். அவருக்கு ஒரு நாற்காலியும், அதில் உட்காரக்கூடாது என்ற குறிப்பும் கிடைத்தன. தணிக்கை முடியாத நாற்காலி அது.

முதல் கூட்டத்தில் பெய் எழுந்து நின்று பேசினார்.

“நான் பொறுப்புக்கு வந்த நாள்லேருந்து இந்த ஆபீஸ்ல ஒரு ஃபைலும் கெட்டதில்லை. ஏன்? ஒரு ஃபைலையும் யாரும் தொட்டதில்லை. அதுதான் பாதுகாப்பு. இன்னிக்கு ஒரு குழந்தைக்காக முதல் தடவையா ஒரு ஃபைலைத் தொடப்போறோம். குழந்தைங்க நிறையப் பிறக்கும். ஃபைல் ஒண்ணுதான் இருக்கு. அதை மறந்துடாதீங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். பஸ்யூனியும் தட்டினார், எதற்கென்று தெரியாமல்.

முதல் விதி நகல் எடுப்பது. மக்ரம் விசைப்பலகையில் கையை வைத்தார். பெய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன செய்யறீங்க?”

“காப்பி எடுக்கறேன், பெய்.”

“மெஷினோட ஃபைலுக்கு மெஷினுக்குள்ளயே காப்பியா? திருடன் கையிலேயே சாவியா? காகிதத்துல எடுங்க.”

காகிதத்தில் அச்சடித்தார்கள். அச்சடித்ததை ஜெராக்ஸ் எடுத்தார்கள். ‘மூலத்துக்கு ஒத்தது’ என்று எழுதிக் கழுகு முத்திரை குத்த வேண்டும். முத்திரை இரும்பு அலமாரியில். அலமாரிச் சாவி ஒரு குமாஸ்தாவிடம். குமாஸ்தா உம்ராவுக்குப் புனித மக்கா போயிருந்தார். அவர் திரும்பி வந்து, ஸம்ஸம் தண்ணீர் விநியோகித்து, வாழ்த்துகள் வாங்கி முடித்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

“பெய், மெஷினுக்குக் காகிதம் படிக்கத் தெரியாதே” என்றார் மக்ரம்.

“மெஷினுக்குத் தெரியாது. விசாரணைக் கமிஷனுக்குத் தெரியும்” என்றார் பெய்.

இரண்டாவது விதி, திருத்தும் நேரத்தில் பயனர் எவரும் உள்ளே இருக்கக்கூடாது என்றது. கணினிக்குள் வேறு யாரும் வேலை செய்துகொண்டிருக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பெய்யின் அகராதியில் உள்ளே என்றால் கட்டடத்துக்குள்ளே. பிறப்புப் பிரிவு, இறப்புப் பிரிவு, வரிசையில் நின்ற ஜனம், தேநீர்க்காரர் எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினார்கள். கடைசியாக மக்ரமையும் அனுப்பினார்கள், அவரும் பயனர்தானே. அலுவலகமே வெயிலில் நின்று ஜன்னல் வழியாகக் கணினியைப் பார்த்தது. கணினியும் அவர்களைப் பார்த்தது. லுஹர் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை நின்றார்கள். ‘திருத்தத்தின்போது எந்தத் தவறும் நிகழவில்லை’ என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ்யூனி வீட்டுக்குத் திரும்பியபோது சனிய்யா ஷஹீராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை, முனகியது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“எழுதிட்டாங்களா?”

“இன்னிக்கு… தவறு ஒண்ணும் நடக்கலை.”

“வரியும் எழுதலை. அதானே?” அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “ஒருத்தி சர்க்காருக்குப் பொறந்தவ, ஒருத்தி எனக்கு மட்டும் பொறந்தவ. பால் குடிக்க ரெண்டு பேரும் என்கிட்டதானே வராங்க. என் உடம்புக்கு உங்க விதியெல்லாம் தெரியலையே, நான் என்ன செய்ய?”

தகப்பனாக இருந்துகொண்டு ஒரு டப்பா பாலுக்கு வழியில்லாமல் நிற்பது பஸ்யூனிக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் பெய்யின் சட்டைக் காலரை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார்.

அண்டை வீட்டுப் பெண்கள்தான் கை கொடுத்தார்கள். மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள் முறை போட்டுக்கொண்டு ஷஹீராவுக்குப் பால் கொடுத்தார்கள். பிள்ளை தேறியது. ஆனால் மார்க்க விதிப்படி ஒருத்தியின் பாலைக் குடித்தால் அவள் பிள்ளைகள் எல்லாம் உடன்பிறப்பு முறை, கல்யாணம் கட்ட முடியாது. கொஞ்ச நாளில் அந்தச் சந்தில் ஷஹீராவுக்கு மாப்பிள்ளையாக ஒரு பையன்கூட மிச்சமில்லை. “பேரே பதியலை, அதுக்குள்ள இத்தனை அண்ணன்மார்” என்று சனிய்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

குழு விடவில்லை. கோப்பின் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருந்தது. கணினி எழுந்திருக்கும்போது எந்த வட்டை முதலில் சோதிக்க வேண்டும், எதை அடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கான எண் அது. இறப்பு வட்டுக்கும் இரண்டு, புதிய பிறப்பு வட்டுக்கும் இரண்டு என்று மக்ரம் சொன்னார். மதாம் ஃபவ்கியா கீரையைக் கீழே வைத்தார்.

“அதெப்படி சமமாகும்? பொறக்காம எவன் சாவான்? பிறப்புக்குத்தான் முன்வரிசை.”

இறப்புப் பிரிவின் தலைவர் அஷ்மாவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொறக்கறதுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, மதாம். எங்க பிரிவுக்கு ஆள் வராம இருந்ததே இல்லை.”

இந்தச் சண்டையில் ஒரு நோன்பு மாதமும் பெருநாளும் கடந்துபோயின. இரண்டு பிரிவுக்கும் இரண்டே என்றும், ஆனால் பிறப்புப் பிரிவின் இரண்டு கொஞ்சம் பெரிதாக உச்சரிக்கப்பட வேண்டும் என்றும் சமரசம் ஆயிற்று.

கடைசியில் மக்ரம் கூட்டத்தின் முன்னே அந்த வரியைத் தட்டச்சு செய்தார்.

“குறிப்பு எங்கே?” என்றார் பெய்.

அந்த நாட்டில் எந்தக் காகிதமும் ஓரக் குறிப்பு இல்லாமல் நகராது. ‘பார்த்தேன்’, ‘கருத்துக்கு’, ‘ஆவன செய்க’ என்று ஓரத்தில் கிறுக்கினால்தான் அதற்கு உயிர் வரும். கோப்பும் ஒரு காகிதம்தானே, அதில் ஏன் குறிப்பு இல்லை என்று பெய் கேட்டார்.

“மெஷின் ஒவ்வொரு வரியையும் கட்டளைன்னு நினைக்கும், பெய். குறிப்பு எழுதணும்னா வரிக்கு முன்னாடி இந்த அடையாளத்தைப் போடணும். போட்டா அந்த வரியை மெஷின் படிக்காது.” மக்ரம் திரையில் # என்று போட்டுக் காட்டினார்.

“ஜன்னல் கம்பி மாதிரி இருக்கே.”

“அப்படித்தான், பெய். கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கறது மெஷின் காதுல விழாது.”

மதாம் ஃபவ்கியாவின் ‘பார்த்தேன்’ கம்பிக்குள் போயிற்று. அஷ்மாவியின் ‘கருத்துக்கு’ம் போயிற்று. உறுப்பினர் பஸ்யூனி என்ன எழுத விரும்புகிறார் என்று கேட்டார்கள்.

“பால் வேணும்னு எழுதுங்க” என்றார் பஸ்யூனி.

அதையும் கம்பிக்குள் போட்டார்கள். பிறகு பெய்யின் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பணிக்காலம் முழுக்க எழுதிப் புகழ்பெற்ற தன் குறிப்பைச் சொன்னார்.

“ஆட்சேபம் இல்லை.”

மக்ரமின் விரல் கம்பியை நோக்கிப் போனது.

“நில்லுங்க. என் குறிப்பைக் கம்பிக்குள்ள போடுவீங்களா? தலைமை இயக்குநரோட வார்த்தை மெஷின் காதுல விழக்கூடாதா?”

“விழுந்தா வம்பு, பெய். அது ஆட்சேபம்னு ஒரு டிஸ்க்கைத் தேடும். ஒரு தடவை சோதிச்சாவது பார்த்துக்கலாம். மெஷினை அணைக்காமலே…”

“சோதனைன்னா சந்தேகம்னு அர்த்தம். என் குறிப்பு மேல உங்களுக்குச் சந்தேகமா, எஞ்சினியர் மக்ரம்?” பெய் மெதுவாகத்தான் கேட்டார். “சோலையில இப்போ பேரீச்சம்பழ சீசன்.”

ஆட்சேபம் இல்லை என்ற வரி கம்பியில்லாமல், சுதந்திரமாக, கோப்பின் தலையில் ஏறி உட்கார்ந்தது. கணினியை அணைத்தார்கள். பிஸ்மில்லா சொல்லி மறுபடி எழுப்பினார்கள். அது முனகியது, விளக்குகள் மின்னின, வரிவரியாக எழுத்துகள் ஓடின. அமைச்சகம் அதற்கு அரபி கற்றுக்கொடுத்திருந்ததால் எல்லோருக்கும் புரிந்தது. திடீரென்று நின்றது. கடைசி வரியில் இப்படி இருந்தது:

ஆட்சேபம்: அப்படி எதுவும் இல்லை.

மக்ரம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பெய்யின் முகமோ மலர்ந்துவிட்டது.

“பார்த்தீங்களா? மெஷினே சொல்லிடுச்சு, ஆட்சேபம் எதுவும் இல்லைன்னு. இத்தனை வருஷ உத்தியோகத்துல எனக்குக் கீழ இருக்கறவங்க யாரும் என்னை இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டதில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். ரோஜா சர்பத் வந்தது. பஸ்யூனியும் ஒரு கோப்பை குடித்தார். குடித்து முடித்துவிட்டு, “அப்போ என் பொண்ணு பேரை எழுதலாமா?” என்று கேட்டார்.

எழுத முடியவில்லை. கணினி அந்த வரியோடு நின்றது நின்றதுதான். பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. கோப்பைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கோப்பைத் திருத்த வேண்டும். திருத்தினால் விதிப்படி முதலில் அச்சிட்டு நகல் எடுக்க வேண்டும். அச்சிடக் கணினி எழுந்திருக்க வேண்டும். குழு இந்த முடிச்சை ஆராய ஓர் உபகுழு அமைத்தது. ஊரில் பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் செத்தார்கள், அரசாங்கத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. மூலத்தை ஒத்த நகல் இரும்பு அலமாரியில் கழுகு முத்திரையோடு பத்திரமாக இருந்தது. ஷஹீரா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் காலை பஸ்யூனி, பெய் சொல்லியனுப்பிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கம்பியில் மாட்டி எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். அன்று மதியம் பெய்யின் பேரனுக்கு ஏழாம் நாள் விழா. பெய் பனியனோடு கணினி அறையில் நின்றுகொண்டிருந்தார். எதிரில் மக்ரம்.

“மகள் காலையிலேருந்து போன்ல அழறா. மாப்பிள்ளைக்கு வளைகுடாவுல வேலை, அடுத்த வாரம் குடும்பத்தோட கிளம்பணும். சர்டிஃபிகேட் இல்லாம குழந்தைக்கு பாஸ்போர்ட் எப்படி வரும்? உடனே சரி பண்ணுங்க.”

“பெய், குழு…”

“எந்தக் குழு?”

“காகித நகல்…”

“எந்தக் காகிதம்?”

“உங்க குறிப்பைக் கம்பிக்குள்ள போட்டாத்தான்…”

“போடுங்கய்யா. கம்பி போடுங்க, பூட்டும் போடுங்க.”

மக்ரம் ஒரே ஓர் அடையாளம் தட்டினார். கணினி எழுந்தது. புது வட்டு மாட்டியது. மேசையில் இருந்த தேநீர் ஆறவில்லை. பஸ்யூனி அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குத்தான், இந்த ஒரு தட்டுக்குத்தான், தன் பிள்ளை ஊரார் வீட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தாள் என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது. மதாம் ஃபவ்கியா பெய்யின் பேரன் பெயரைப் பதிந்து, வாழ்த்துச் சொல்லி, சான்றிதழை நீட்டினார்.

“சட்டையைக் கொடு, உஸ்தா” என்றார் பெய்.

“காலர் இன்னும் சூடா இருக்கு, பெய். ஆறட்டும். அதுக்குள்ள மதாம் என் பொண்ணு பேரையும் தட்டிடட்டும்.”

“அப்புறம் பார்க்கலாம். விருந்தாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“பார்க்கலாம், பெய். பனியனோட போனாலும் தாத்தா தாத்தாதான்.” பஸ்யூனி சட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஷஹீராவின் பெயர் ஏறியது. பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் கணினி மறுபடி கீச்சென்றது.

“கெடு தாண்டின பிறப்புக்குப் பழைய தேதியை ஏத்துக்க மாட்டேங்குது” என்றார் மதாம் ஃபவ்கியா. “பதியற நாள்தான் பிறந்த நாள். பழைய தேதி வேணும்னா சொல்லுங்க, அதுக்கு வேற ஒரு ஃபைலைத் திருத்தணும்.”

“வேண்டாம், மதாம்” என்று பஸ்யூனி அலறாத குறையாகச் சொன்னார். “இன்னிக்கே பொறக்கட்டும்.”

மறுநாள் காலை அவர் இரண்டு சான்றிதழையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரொட்டிக்கடையில் வீட்டுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு, ஷஹீராவின் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு நடத்திப் போனார். பழைய நர்ஸ்தான் இருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது இரட்டை இல்லையே. ஒண்ணு போன வருஷம், ஒண்ணு நேத்து. ரெண்டும் தனித்தனி ஒத்தைப் பிள்ளை. தாய்ப்பாலே போதும்.”

“இவதான் அந்தச் சின்னவ, சிஸ்டர். நல்லாப் பாருங்க.”

நர்ஸ் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஷஹீரா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நேத்துப் பிறந்ததுக்கு இத்தனை பல்லா?”

“எங்க ஊர்ல வரி எழுதிப் பொறக்கறதுக்கு நாளாகும். வரும்போதே பல்லோடதான் வரும்.”

“பல் வந்த குழந்தைக்குப் பால் டப்பா கிடையாது, உஸ்தா. உத்தரவு அப்படி.”

பஸ்யூனி சான்றிதழ்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஷஹீராவுக்குப் பசி. அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி, ஓரத்தைக் கடித்து, மென்று, நர்ஸைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அரசாங்கக் கணக்குப்படி அவளுக்கு அன்று வயது ஒரு நாள்.